கருத்தடை முறையைத் தேர்ந்தெடுக்கும் முன்: மருத்துவத்தையும் மார்க்கத்தையும் கேட்கும் விதம்

கடலூர் முதுநகரை ஒட்டிய ஒரு துணை சுகாதார நிலையத்தில் நான் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றிய காலத்தில், தடுப்பூசி நாளன்று மற்றத் தாய்மார்கள் எல்லோரும் போன பிறகும் ஓர் இளம் தாய் பெஞ்சை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தார். மடியில் எட்டு மாதக் குழந்தை. முந்தானையைப் பிடித்தபடி இரண்டரை வயது மூத்தவன். "நர்ஸம்மா, காப்பர்-டி போட்டுக்கிட்டா பாவமாமே, நெசமா?" என்று கேட்டார். அவருடைய மாமியார் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆளனுப்பிக் கேட்டிருந்தார். "வயிற்றில் இருக்கும் கருவைக் கொல்லும் கருவியை வைத்துக்கொள்ளலாமா?" என்பதே கேட்கப்பட்ட கேள்வி. அப்படிக் கேட்டால் எந்த ஆலிமும் (மார்க்க அறிஞரும்) கூடாது என்றுதான் சொல்வார்.

கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டியில் மாதிரிக்காக வைத்திருந்த ஒன்றை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தேன். தீக்குச்சியைவிடக் குட்டையான, வளைந்துகொடுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் குச்சி. தண்டில் சுற்றிய செம்புக் கம்பி. கீழே தூண்டில் நரம்பு போல மெல்லிய நூல். "ஆணி மாதிரி இருக்கும்னு நெனச்சேன்" என்றார். அது விந்தணுவைச் செயலிழக்கச் செய்து கரு உண்டாவதையே தடுப்பதைத்தான் முதன்மையாகச் செய்கிறது என்பதையும், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம் என்பதையும் விளக்கி, கேள்வியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இந்த முறை கணவரே தாளை எடுத்துக்கொண்டு நேரில் போனார். கணவன் மனைவி இருவரும் மனம் ஒப்பி, உடலுக்குக் கேடில்லாத, மீண்டும் பிள்ளை பெறத் தடையாகாத தற்காலிக முறை என்றால் செய்துகொள்ளலாம் என்ற பதில் வந்தது.

ஹஜ்ரத் தம் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் முன் வைக்கப்பட்ட பொருள்தான் மாறியது. பணிக்காலம் முழுவதும் இந்து, கிறித்தவ, இஸ்லாமிய வீடுகள் எல்லாவற்றிலும் நான் கண்டது இதுவே. ஆகவே முதலில் அந்த முறை உடலுக்குள் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அதன் பிறகு உங்கள் சமயத்தையும் மனச்சாட்சியையும் கேளுங்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் உள்ள தம்பதிகளை மனத்தில் வைத்து, அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில், உடலுக்குள் நடப்பது

பெண்ணின் சினைமுட்டை வெளிப்பட்ட பிறகு ஏறத்தாழ ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். விந்தணு ஐந்து நாள் வரை இருக்கக்கூடும். இரண்டும் கருக்குழாயில் சந்தித்தால் கரு உண்டாகிறது. அந்தக் கரு நகர்ந்து வந்து கருப்பையின் சுவரில் ஒட்டிக்கொள்வதற்கு இன்னும் ஒரு வாரம் போல ஆகும். இந்த இரு நிகழ்ச்சிகளுக்கும் இடையிலுள்ள நாள்கள்தாம் சமய வாதங்களில் பெரும்பகுதியின் இடம். கரு உண்டான நொடியிலேயே உயிர் தொடங்கிவிடுகிறது என்று நம்புகிறவருக்கும், அது ஒட்டிய பிறகே கர்ப்பம் என்று கொள்ளும் மருத்துவருக்கும் நடுவில் நிற்பவை இந்த நாள்கள்.

கரு உண்டாவதற்கும் அது ஒட்டுவதற்கும் நடுவிலுள்ள இந்த எல்லைக்கோட்டை வைத்துக்கொண்டு முறைகளைப் பாருங்கள். ஆணுறை, இயற்கை முறை, ஆண்களுக்கான நவீன வாசெக்டமி, பெண்களுக்கான டியூபெக்டமி என்னும் நிரந்தர அறுவை சிகிச்சைகள் ஆகியவை முட்டையும் விந்தணுவும் சந்திக்க விடுவதில்லை; இவற்றில் கருவைப் பற்றிய கேள்வியே எழாது. தினமும் விழுங்கும் மாலா-என் போன்ற மாத்திரைகளும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசியும் முதன்மையாக முட்டை வெளிப்படுவதையே நிறுத்துகின்றன. காப்பர்-டியைப் பற்றி மேலே சொன்னேன். சில வேளைகளில் அது கரு ஒட்டுவதையும் தடுக்கக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. சாயா மாத்திரை வேறு வகை. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய, ஹார்மோன் இல்லாத இந்த மாத்திரையை முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டும் பிறகு வாரத்துக்கு ஒன்றும் சாப்பிட வேண்டும். பாலூட்டும் தாய்க்கும் ஏற்றதென்று நானே பலருக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அது கருப்பைச் சுவரின் வளர்ச்சியை முட்டையின் காலத்தோடு பொருந்தவிடாமல் செய்து, கரு ஒட்டுவதைத் தடுப்பதன் வழியாக வேலை செய்கிறது. கரு உண்டானதே உயிர் என்று உறுதியாக நம்பும் ஒரு பெண்ணிடம் இதைச் சொல்லாமல் மாத்திரையைக் கொடுப்பது தவறு என்று நான் கருதுகிறேன்.

உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் விழுங்கும் அவசர கருத்தடை மாத்திரையையும், கருக்கலைப்பு மாத்திரையையும் ஒன்றென்று நினைப்பவர்கள் ஏராளம். அவசர மாத்திரை முட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போடுகிறது. ஏற்கெனவே ஒட்டிய கருவை அது ஒன்றும் செய்யாது. நாள் தள்ளிப்போன பிறகு மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் கலைப்பு மாத்திரைகள் முற்றிலும் வேறானவை. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் அவற்றைத் தின்றுவிட்டு, நிற்காத இரத்தப்போக்கோடு இரவில் கொண்டுவரப்பட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, உங்கள் சமயம் உண்மையில் சொல்வது

கத்தோலிக்கர்களுக்கு நிலைப்பாடு எழுத்தில் தெளிவாக இருக்கிறது. 1968 ஜூலை 25 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட 'ஹுமானே வீத்தே' சுற்றுமடல், ஒவ்வொரு தாம்பத்திய உறவும் புதிய உயிருக்குத் திறந்ததாக இருக்க வேண்டும் என்று கூறி, செயற்கைக் கருத்தடையை ஏற்க மறுக்கிறது. தக்க காரணம் இருந்தால் கருவுறாத நாள்களை அறிந்து அவற்றில் மட்டும் கூடுவதை அது அனுமதிக்கிறது. இதற்கு முன்பே 1951 அக்டோபரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இத்தாலிய மருத்துவச்சிகளிடம் பேசியபோது இதை ஏற்றிருந்தார். புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த பல பெண்களுக்குத் தெரியாத ஒரு செய்தி அதே சுற்றுமடலில் உண்டு. உடல்நோயைக் குணப்படுத்தத் தேவைப்படும் சிகிச்சையால் கருத்தரிப்பு தடைபடும் என்று முன்பே தெரிந்தாலும், அதற்காகவே அதைச் செய்யாத வரையில், அந்தச் சிகிச்சைக்குத் தடை இல்லை. மாதவிலக்கில் மிகுந்த இரத்தப்போக்குக்காகவோ சினைப்பை நீர்க்கட்டிக்காகவோ மருத்துவர் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தால், அதை ஒப்புரவில் (பாவ அறிக்கையில்) சொல்லி அழ வேண்டிய பாவமாக எண்ணத் தேவையில்லை. பிள்ளை எத்தனை என்பதில் பொறுப்போடு நடந்துகொள்வது கத்தோலிக்கரின் கடமையே என்று திருத்தந்தை பிரான்சிஸும் 2015 ஜனவரியில் வெளிப்படையாகக் கூறினார். திருச்சபை மறுப்பது சில வழிகளை, திட்டமிடுதலை அன்று.

அப்படியானால் இயற்கை முறையைச் சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். "தேதி பார்த்து இருக்கிறோம்" என்று சொல்பவர்களில் பலர் வெறுங்கணக்கில்தான் இருக்கிறார்கள். மாதவிலக்குச் சுற்று ஒவ்வொரு முறையும் 26 முதல் 32 நாள்களுக்குள் வந்தால், இரத்தம் கண்ட முதல் நாளை 1 என்று எண்ணி, 8ஆம் நாள் முதல் 19ஆம் நாள் வரை விலகியிருப்பது ஒரு முறை. வெள்ளைத் திரவம் வழுக்கலாக, முட்டையின் வெண்கரு போல நீண்டு வரும் நாள்களைக் கவனிப்பது இன்னொரு முறை; ஆஸ்திரேலியாவின் பில்லிங்ஸ் தம்பதி வகுத்தது இது. சுற்று தவறித் தவறி வருபவருக்கும், பிரசவத்துக்குப் பின் மாதவிலக்கு இன்னும் ஒழுங்காகாதவருக்கும் தேதிக் கணக்கு உதவாது. கணவர் குடித்துவிட்டு வந்து நாளைப் பொருட்படுத்தாத வீட்டில் எந்த இயற்கை முறையும் நிற்காது என்பதை நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. இது இரண்டு பேர் சேர்ந்து காக்க வேண்டிய நோன்பு.

சீர்திருத்தச் சபைகளின் நிலை வேறு. 1930இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் லாம்பெத் மாநாடு, தகுந்த காரணத்தோடு கருத்தடை செய்வதை வரம்புகளோடு ஏற்றது. ஆங்கிலிக்கப் பாரம்பரியத்தையும் உள்ளடக்கி 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையிலும், கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையிலும் பெரும்பாலும் இது தம்பதியின் மனச்சாட்சிக்கு விடப்படுகிறது. ஆதியாகமம் 38ஆம் அதிகாரத்தின் ஓனான் கதையைச் சொல்லி யாராவது அச்சுறுத்தினால், ஓனானின் குற்றம் இறந்த அண்ணனுக்குச் சந்ததி உண்டாக்கும் கடமையை ஏய்த்தது என்று விளக்கும் போதகர்களும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் ஆளுக்கு ஆள் கருத்து மாறும்.

இஸ்லாத்தில் இந்த விவாதம் மிகப் பழையது. குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் தாங்கள் 'அஸ்ல்' செய்துவந்ததாக நபித்தோழர் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரி, முஸ்லிம் என்னும் இரு நபிமொழித் தொகுப்புகளிலும் இருக்கிறது. உறவின் முடிவில் விந்தை வெளியே விடுவதே அஸ்ல். சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் இதை அனுமதிக்கப்பட்டதாகவோ விரும்பத்தகாததாகவோ கருதினார்களே அன்றி ஹராம் (விலக்கப்பட்டது) என்று ஒதுக்கவில்லை. மனைவியின் சம்மதம் வேண்டும் என்று பலர் வலியுறுத்தினார்கள். பரங்கிப்பேட்டை முதல் காரைக்கால் வரை நம் கடற்கரை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபை (சட்டப் பிரிவை)ச் சேர்ந்த இமாம் கஸ்ஸாலி, 1111இல் மறைந்தவர், அஸ்லை உண்டான கருவைக் கலைப்பதோடு ஒப்பிடக்கூடாது என்று தெளிவாகப் பிரித்தார். கலைப்பது இருக்கும் ஒன்றின் மீதான குற்றம், அஸ்லில் அப்படி ஒன்று இன்னும் உண்டாகவே இல்லை என்பது அவருடைய வாதம். இன்றைய ஆலிம்கள் பலர் ஆணுறையையும் மாத்திரையையும் காப்பர்-டியையும் இந்த அஸ்லோடு ஒப்பிட்டே தீர்ப்புச் சொல்கிறார்கள். நிரந்தர அறுவை சிகிச்சையைப் பெரும்பாலோர் தடுக்கிறார்கள். அடுத்த கர்ப்பம் தாயின் உயிருக்கு ஆபத்து என்று நம்பத்தகுந்த மருத்துவர் சொன்னால், நிர்ப்பந்தம் என்ற அடிப்படையில் விலக்களிப்பவர்கள் உண்டு. வறுமைக்குப் பயந்து பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்னும் குர்ஆனின் 17:31 வசனம் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அது உயிரோடிருக்கும் குழந்தைகளைப் பற்றியது என்பதே பலரது விளக்கம். இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டுவதைப் பேசும் 2:233 வசனத்தையும் சேர்த்துப் படிக்கச் சொல்வேன். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் குறைந்தது 24 மாதம் இடைவெளி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் ஏறக்குறைய அதே கணக்குதான்.

இந்துக்களுக்கு ஒரே நூலோ ஒரே தலைமையோ இல்லை. கருவை அழிப்பதைப் பெரும்பாவமாகச் சொல்லும் சாத்திரங்கள் உண்டு. உண்டாகாமல் காப்பதைப் பற்றி அத்தகைய பொதுத்தடை இல்லை. இடைவெளி விடுவது நம் வழக்கத்துக்குப் புதியதும் அன்று. ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்வதற்குச் சித்திரை வெயிலில் பிரசவம் வரக்கூடாது என்பதையே பாட்டிமார்கள் காரணமாகச் சொன்னார்கள்; பிரசவித்தவளை மாதக்கணக்கில் தாய்வீட்டிலேயே வைத்துக்கொண்டதும் அதே அக்கறையால்தான். வடலூரை மனத்தில் வைத்து வாழும் சன்மார்க்க அன்பர்களுக்கு எழும் கேள்வி, இது உயிர்க்கொலையா என்ற ஒன்றுதான். மேலே சொன்ன கோடு அவர்களுக்கும் பயன்படும். "மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்று பிள்ளை விஷயத்தில் சொல்லும் பெரியவர்களிடம் நான் மறுத்துப் பேசியதில்லை. தண்ணீர் ஊற்றும் கை பெரும்பாலும் ஒரு பெண்ணின் கையாக இருக்கிறது என்பதை மட்டும் நினைவுபடுத்தியிருக்கிறேன்.

சமயத்துக்கு வெளியிலும் அறம் பேசப்பட்டது. 1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்த, கருத்தடைக்காகப் பரப்புரை செய்த அமெரிக்கப் பெண்மணி மார்கரெட் சாங்கரிடம் காந்தியடிகள் புலனடக்கமே வழி என்று உறுதியாக நின்றார். பெரியாரோ, நாட்டின் வறுமைக்காகவோ தாயின் உடல்நலத்துக்காகவோ என்பதைத் தாண்டி, பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்றார். இவர்களில் பெரியார் பக்கமே என் மனம் சாய்கிறது. ஆனால் உங்கள் முடிவை நான் எடுக்க முடியாது.

மூன்றாவது, பெரியவரிடம் கேட்கும் விதம்

நேரில் போங்கள், முடிந்தால் இருவரும் சேர்ந்து போங்கள். மாமியார் வழியாகவோ பக்கத்து வீட்டார் வழியாகவோ போகும் கேள்வி வழியிலேயே உருமாறிவிடும். தாளில் ஆறு செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை குழந்தைகள், கடைசிக் குழந்தையின் வயது, உங்கள் உடல்நிலை பற்றி மருத்துவர் சொன்னது, நீங்கள் எண்ணும் முறையின் பெயர், அது வேலை செய்யும் விதம், அது தற்காலிகமா, நிரந்தரமா. பிறகு இப்படிக் கேளுங்கள்: "சாமி, ரெண்டு பிரசவமும் எனக்கு ஆபரேஷன்தான். மூணு வருஷத்துக்கு வேண்டாம்னு டாக்டர் சொல்றாங்க. நம்ம சபை இதுல எதை அனுமதிக்குது?" பதில் வந்ததும், இது திருச்சபையின் அல்லது ஷரீஅத்தின் தீர்ப்பா, உங்கள் சொந்த ஆலோசனையா என்று மரியாதையோடு கேட்பதில் தவறில்லை. நல்ல பங்குத்தந்தையும் நல்ல ஆலிமும் அந்த வேறுபாட்டைத் தாமே சொல்வார்கள். பூசாரியிடம் வாக்குக் கேட்டு முடிவெடுக்கும் வீடுகளில், அதற்கு முன்பாக ஒரு முறை மருத்துவரைப் பார்த்துவிட்டு வருமாறு மட்டும் வேண்டிக்கொள்வேன்.

உடன்பாடு யாருடையது

இதைப் பேசும்போது என் குரல் சற்று உயரும். இந்தியா 1952இல் குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாகத் தொடங்கியது. நெருக்கடி நிலையின்போது, 1976-77இல் மட்டும், 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவை சிகிச்சைகள் செய்யப்பட்டன, அவற்றில் பல வற்புறுத்தலால் நடந்தவை. மேலிருந்து இலக்கு வைத்து ஆள் பிடிக்கும் முறை 1996இல்தான் கைவிடப்பட்டது. எந்த நோக்கத்துக்காக இருந்தாலும், ஒருவருடைய உடலில் அவர் அறியாமல் செய்வது பாவம் என்பதில் எந்தச் சமயத்துக்கும் வேறு கருத்து இருக்க முடியாது. பிரசவமாகி ஓராண்டு கழித்து அடிவயிற்று வலியோடு ஒரு பெண் என்னிடம் வந்தார். பரிசோதித்தபோது காப்பர்-டியின் நூல் தெரிந்தது. தமக்கு அது போடப்பட்டிருப்பதே அவருக்குத் தெரியாது. பிரசவ வலியில் நீட்டப்பட்ட தாளில் கைநாட்டு வைத்திருக்கிறார். அன்று அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

எனவே கர்ப்ப காலத்திலேயே, ஏழாம் எட்டாம் மாதப் பரிசோதனையில், உங்கள் முடிவைத் தாய்-சேய் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். வலி வந்த பிறகு கையெழுத்துக் கேட்டால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அரசு நெறிமுறைப்படி கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் பெண்ணுக்கு 22 வயது நிறைந்திருக்க வேண்டும்; ஒரு வயது கடந்த குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும்; கணவரின் கையெழுத்து கட்டாயம் இல்லை. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்திலும், 2021இல் அது திருத்தப்பட்ட பிறகும், வயது வந்த பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டுமே போதும். சட்டம் அனுமதிப்பதையெல்லாம் உங்கள் மனச்சாட்சி அனுமதிக்க வேண்டும் என்பதில்லை. அதேபோல் பிறருடைய மனச்சாட்சி உங்கள் கையெழுத்தைப் போடவும் முடியாது. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்து முடிவெடுப்பதை மட்டும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அதற்கு எந்த வேதத்திலும் இடம் தேடாதீர்கள்.

ஆண்களிடம் ஒரு சொல். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் அப்படிச் செய்துகொண்டவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. வாசெக்டமிக்கு மரத்துப்போகும் ஊசி போதும், தையல் இல்லை, சில நிமிடங்களில் முடியும், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். வலை இழுக்க வலு போய்விடும், ஆண்மை குறையும் என்று தேவனாம்பட்டினம் கரையில் எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். விந்தணு வரும் குழாய் மட்டுமே அடைக்கப்படுகிறது. ஆண்மைக்கான சுரப்பு அப்படியே இரத்தத்தில் கலக்கிறது. ஒரு வாரம் பாரம் தூக்காமல் இருந்துவிட்டுப் பிறகு கடலுக்குப் போகலாம். நிரந்தர முறை உங்கள் சமயத்துக்கு ஏற்புடையது என்று முடிவு செய்த வீட்டில், இரண்டு மூன்று பிரசவத்தைத் தாங்கிய உடலையே மறுபடியும் மேசையில் கிடத்துவது நியாயமா என்ற கேள்வியைக் கணவர்தாம் முதலில் கேட்க வேண்டும்.

முடிவெடுத்த பிறகு

வாசெக்டமி செய்துகொண்டவர் மூன்று மாதம் வரை ஆணுறை பயன்படுத்த வேண்டும். அதன் பிறகு விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று உறுதியான பின்னரே நிறுத்தலாம். இதை விட்டுவிட்டுக் கர்ப்பம் தரித்ததும் மனைவியைச் சந்தேகித்த வீடு ஒன்றை நான் அறிவேன். பரிசோதனை அறிக்கை ஒன்று கையில் இருந்திருந்தால் அந்தப் பெண் அத்தனை ஏச்சையும் கேட்டிருக்க வேண்டியதில்லை. பிள்ளை பெற்ற முதல் ஆறு மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால் அதுவே பெரும்பாலும் காப்பு. இரண்டில் ஒன்று மாறிய நாளிலேயே வேறு முறைக்குப் போங்கள். கணவன் மனைவி ஒத்துப்போகாவிட்டால், பேசி முடியும் வரை இருவருக்கும் உறுத்தாத ஒரு தற்காலிக முறையில் இருங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும், புதுச்சேரி ஜிப்மரிலும், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதைப் பற்றிக் கேட்கலாம். எதையும் செய்துகொள்ளாமல் கேட்டுவிட்டு மட்டும் வரவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். ஆபரேஷன் பலிக்காமல் கர்ப்பம் தரித்தால் அரசின் இழப்பீட்டைக் கோர அந்தச் சான்றிதழ் வேண்டும். காப்பர்-டி போட்டவர்கள் அது 380-ஏ வகையா, 375 வகையா என்று கேட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள். முன்னது பத்து ஆண்டு, பின்னது ஐந்து ஆண்டு; எடுக்க வேண்டிய ஆண்டைச் சிவப்பு மையில் குறித்து, அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.